ஆயாவிடம் நாளையைப் பற்றிக் கேளுங்கள்!



ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பயணத்தை மனத்துக்குள் நடத்திப் பாருங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்? எந்தச் சட்டை, எந்தப் பாவாடை? பஸ்ஸா, ரயிலா? ரயில் என்றால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாக வரும். விழுப்புரம் சந்திப்பில் இறங்கினால் எந்தப் பக்கம் வெளியே வரவேண்டும்? கல்யாண மண்டபத்துக்கு நடந்தே போகலாமா, ஆட்டோ பிடிக்கவேண்டுமா? மொய் எழுதக் கையில் எவ்வளவு பணம் இருக்கவேண்டும்?

பார்த்தீர்களா? இன்னும் நடக்காத ஒரு நாளை ஒரே நிமிடத்தில் மனத்துக்குள் நடத்தி முடித்துவிட்டீர்கள்! அந்த ஞாயிறு இன்னும் வரவில்லை. அந்தக் கல்யாணத்தை நீங்கள் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது?

வேறெங்கிருந்தும் வரவில்லை, உங்கள் நினைவிலிருந்துதான் வந்தது. முன்பு எப்போதோ போன ரயில் பயணம், போன ஆண்டு பார்த்த கல்யாணம், என்றைக்கோ பணம் போதாமல் திண்டாடிய அனுபவம் ஆகியவற்றிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, உங்கள் மூளை ஒரு புதிய காட்சியைத் தைத்துக் கொடுத்திருக்கிறது.

நினைவு என்பது பழசைப் பூட்டி வைக்கும் பெட்டி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். தேர்வுக்குப் படித்ததை நினைவில் வைப்பது, பழைய கதை சொல்வது இவற்றோடு அதன் வேலை முடிந்துவிடுவதாக எண்ணுகிறோம். ஆனால் நினைவின் பெரிய வேலை நாளைக்கு வழி காட்டுவது. இந்த ஓர் உண்மையை நாம் சரியாகப் புரிந்துகொள்ளாததால், நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நேரும் ஒரு பெரிய இழப்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே காணாமல் இருக்கிறோம் என்பது என் கருத்து. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

விதைக்கென்று எடுத்து வைத்த மல்லாட்டை

நம் பக்கத்து விவசாயிகள் மல்லாட்டை பிடுங்கியதும் எல்லாவற்றையும் விற்றுவிடுவதில்லை. நல்ல காயாகப் பொறுக்கி, காயவைத்து, விதைக்கென்று தனியாக எடுத்து வைப்பது பழைய வழக்கம். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது வெளியிட்ட ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன.

விதைக்காயை எதற்காக எடுத்து வைக்கிறோம்? சென்ற பருவத்தின் ஞாபகத்துக்காகவா? இல்லை, அடுத்த பருவத்தில் விதைக்கத்தான். நினைவும் அப்படித்தான். நேற்றைய விளைச்சலிலிருந்து நாளைய விதைப்புக்கு எடுத்து வைத்த பங்கு அது. விதைக்காய் போய்விட்டால் சென்ற பருவம் மட்டுமா போகிறது? அடுத்த பருவமும் போய்விடுகிறது.

இது வெறும் உவமைதானா? இல்லை. இதற்கு விஞ்ஞானச் சான்றுகள் உண்டு. அவற்றைப் பார்ப்போம்.

நாளையை இழந்த மனிதர்

கனடா நாட்டின் டொராண்டோ நகரப் பகுதியில் 1981ஆம் ஆண்டு ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து நடந்தது. அதில் சிக்கிய 30 வயது இளைஞருக்குத் தலையில் பலத்த அடி. உயிர் பிழைத்தார். விஞ்ஞான நூல்கள் அவரைக் கே.சி. என்ற இரண்டு எழுத்துகளால் குறிக்கின்றன. மூளையின் பல பகுதிகளில் சேதம் ஏற்பட்டிருந்தது. அவற்றுள் முக்கியமானது ஹிப்போகேம்பஸ். காதுகளுக்கு நேராக, மூளையின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக அமைந்திருக்கும் பகுதி இது. கடற்குதிரையைப் போல வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் இந்தப் பெயர் வைத்தார்கள்.

கே.சி. நன்றாகப் பேசினார், படித்தார். சதுரங்கம் ஆடவும் அவரால் முடிந்தது. தம் குடும்பத்துக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருப்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் தாம் கழித்த ஒரு நாளைக்கூட அவரால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் எண்டல் டல்விங் என்ற உளவியல் பேராசிரியர். நினைவில் இரண்டு வகை உண்டு என்று 1972ஆம் ஆண்டிலேயே எழுதியவர் அவர். 'தமிழ்நாட்டின் தலைநகரம் சென்னை' என்பது ஒரு வகை. அது செய்தி நினைவு. 'நான் முதன்முதலாகச் சென்னைக்குப் போனபோது மழை பெய்தது' என்பது இன்னொரு வகை. அது நிகழ்ச்சி நினைவு. கே.சி.யிடம் முதல் வகை பெருமளவு மிஞ்சியிருந்தது. இரண்டாவது வகை அடியோடு போய்விட்டது.

டல்விங் அவரிடம் மிக எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்: நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

கே.சி.யால் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் மனம் வெறுமையாக இருக்கிறது என்றார். நேற்றை நினைக்கும்போது எப்படி வெறுமையாக இருந்ததோ, நாளையை நினைக்கும்போதும் அதே வெறுமைதான்! நேற்றை இழந்தவர் நாளையையும் சேர்த்தே இழந்திருந்தார். டல்விங் இதை 1985இல் வெளியிட்டார். கே.சி. 2014ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஒரே ஒரு மனிதரை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. 2007ஆம் ஆண்டு லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் ஹிப்போகேம்பஸ் சேதமடைந்த 5 பேரைச் சோதித்தார்கள். வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள் என்பது போன்ற பணிகளைக் கொடுத்தார்கள். பெரும்பாலோரால் முழுக் காட்சியாகக் கற்பனை செய்ய முடியவில்லை. நீலம் தெரிகிறது, ஏதோ ஒலி கேட்கிறது என்று துண்டுகள்தாம் வந்தன. துண்டுகளைச் சேர்த்துத் தைக்க முடியவில்லை. இந்த ஹசாபிஸ்தான் பின்னாளில் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் கணினி முறைக்காக 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

மறுத்தவர்களும் உண்டு. 2010இல் அமெரிக்காவில் லாரி ஸ்க்வயர் குழுவினர், ஹிப்போகேம்பஸ் மட்டும் பாதிக்கப்பட்ட தங்கள் நோயாளிகளால் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடிகிறது என்று காட்டினார்கள். ஆகவே மூளையின் எந்தப் பகுதிக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதில் விவாதம் நடக்கிறது. ஆனால் நடந்ததை நினைப்பதற்கும் நடக்கப்போவதை நினைப்பதற்கும் மூளையில் பெருமளவு பொதுவான பகுதிகளே வேலை செய்கின்றன என்பதை மூளைப் படங்கள் பலமுறை காட்டியிருக்கின்றன.

முதுமையில் என்ன நடக்கிறது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். வயதாக ஆக எல்லோருக்கும் கொஞ்சம் மறதி வருவது இயல்பு. அமெரிக்காவில் டோனா ரோஸ் ஆடிஸ், டேனியல் ஷாக்டர் ஆகியோர் 2008ஆம் ஆண்டில் இளைஞர்களையும் நலமாக உள்ள முதியவர்களையும் ஒப்பிட்டார்கள். நடந்த நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னபோது, எங்கே, யாருடன், என்ன என்ற நுணுக்கமான விவரங்கள் முதியவர்களிடம் குறைவாக இருந்தன. வரப்போகும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லச் சொன்னபோதும் அதே குறைவு! நினைவு மங்கும்போது நாளையும் கூடவே மங்குகிறது என்பது இதிலும் தெரிகிறது.

ஆனால் இயல்பான மறதி வேறு, மறதிநோய் வேறு. மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறப்பது இயல்பு. கண்ணாடி எதற்கு என்பதே மறப்பது நோய். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்று, பிறகு வருவது இயல்பு. நேற்று அவர் வீட்டுக்கு வந்து போனதே நினைவில்லாமல் போவது கவனிக்க வேண்டிய அறிகுறி. மறதிநோய்க்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். இந்த நோய் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று நாம் மேலே பார்த்த ஹிப்போகேம்பஸும் அதைச் சுற்றிய பகுதியுமே.

இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். பல்லாண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லி உறுதிப்பட்ட பழைய நினைவுகள் நோயின் தொடக்கத்தில் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. புதிதாகப் பதிய வேண்டியவைதாம் பதியாமல் போகின்றன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு முந்தைய தென்னார்க்காடு மாவட்டக் காலத்துக் கதைகளை ஆயா வரிசையாகச் சொல்வார். எந்த ஆண்டு ஏரி உடைந்தது, யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்குச் சண்டை எல்லாம் வரும். கேட்கிற நாம், 'ஆயாவுக்கு என்னா ஞாபக சக்தி!' என்று வியந்து போய்விடுகிறோம். ஆனால் அதே ஆயாவிடம் நாளைக் காலை திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டுப் பார்த்ததுண்டா? இல்லை. ஏன் கேட்கவில்லை? எல்லாவற்றையும் நாமே எடுத்து வைத்து, நாமே கையைப் பிடித்து அழைத்துப் போகிறோம். அதனால் கேட்கத் தேவையே வரவில்லை.

கணியம்பாடி சொல்லும் பாடம்

இது என் ஊகமன்று. விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் ரயில் பாதையில், வேலூருக்குச் சற்று முன்னால் கணியம்பாடி இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கிராமங்களில் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடத்தியது '10/66' என்ற பன்னாட்டு ஆராய்ச்சிக் குழு. பெயர் விநோதமாக இருக்கிறதல்லவா? மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகவே அவர்களைப் பற்றியதாக இருந்தது. அந்த அநியாயத்தைக் குறிக்கவே இந்தப் பெயர்.

சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், கியூபா, சீனா முதலிய நாடுகளிலும் 65 வயது கடந்தவர்களை வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். வேலூர்ப் பக்கத்தில் மட்டும் சுமார் 1000 பேர். முடிவுகள் 2008இல் வெளிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த வழக்கமான விதிப்படி கணக்கிட்டபோது, நம் கிராமங்களில் மறதிநோய் உள்ளவர்கள் 0.3 சதவிகிதம்தான்! அதாவது 1000 பேரில் 3 பேர். கியூபாவில் அதே விதிப்படி 6.3 சதவிகிதம்.

நம் கிராமத்து முதியவர்களுக்கு மட்டும் அப்படியோர் அபூர்வ மூளையா? மகிழ்ச்சியோடு அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. ஏன் என்று தேடினார்கள். அந்த விதியில் ஒரு நிபந்தனை இருந்தது. மறதியால் அன்றாட வேலைகள் கெட்டுப்போயிருக்க வேண்டும், அதைக் குடும்பத்தார் சொல்ல வேண்டும் என்பது அது. நம் கிராமங்களில் குடும்பத்தார் என்ன சொல்வார்கள்? 'அவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே! வயசாயிடுச்சு, அவ்வளவுதான்.' சமைப்பது மருமகள். கடைக்குப் போவது மகன். ரேஷன் அட்டை, மாத்திரை எல்லாம் பேரன் பொறுப்பு. முதியவர் செய்ய வேண்டிய வேலையே இல்லாதபோது, வேலை கெட்டுப்போனது எப்படித் தெரியும்?

குழுவினர் வேறொரு முறையையும் வகுத்திருந்தார்கள். முதியவரையே நேரில் சோதித்து, குடும்பத்தாரிடம் கேட்டவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை அது. படிப்பறிவில்லாதவரும் பல பண்பாட்டினரும் தவறாகக் கணிக்கப்படாதபடி முன்கூட்டியே சோதித்து அமைக்கப்பட்டது. அந்த முறையில் நம் கிராமத்து எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்தது. ஆய்வு நடந்த எல்லா இடங்களையும் சேர்த்துப் பார்த்தால், 5.6 முதல் 11.7 சதவிகிதம் வரை வந்தது. பின்னர் இந்தியா முழுவதற்கும் நடந்த வேறோர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவிகிதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது.

இதில் குடும்பத்தாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரியவர்களை உட்காரவைத்துச் சோறு போடுவது நல்ல பண்புதான். ஆனால் அந்த அன்பே ஒரு திரையாகி, திரைக்குப் பின்னால் ஒருவர் தம் நாளையை இழந்துகொண்டிருப்பதை மறைத்துவிடுகிறது.

கண்டுபிடித்து என்ன பயன்?

'குணமாக்க மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து என்ன செய்வது? தெரியாமலே இருப்பது நிம்மதி' என்று சிலர் சொல்வார்கள். இது யோசிக்க வேண்டிய எதிர்வாதம்தான். அல்ஸைமர் நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் மருந்துகள் சில நாடுகளில் அண்மையில் வந்திருக்கின்றன, அவ்வளவே.

ஆனாலும் தெரிந்துகொள்வதால் பெரும்பயன் உண்டு. முதலாவது, மறதியெல்லாம் அல்ஸைமர் அன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு, காது கேளாமை இவையும் மறதி போலத் தோன்றும் அல்லது மறதியை மிகுதியாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டால், தீரக்கூடிய குறையும் தீராமலே போகும். இரண்டாவது, ஆபத்தைத் தவிர்க்கலாம். வழி தவறிப் போவது, காஸ் அடுப்பை அணைக்க மறப்பது, சர்க்கரை மாத்திரையை இரண்டு முறை விழுங்குவது எல்லாம் முன்கூட்டித் தெரிந்தால் தடுக்கக்கூடியவை. மூன்றாவதுதான் மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன். நோயின் தொடக்கத்தில் அந்தப் பெரியவருக்கு இன்னும் சொந்த விருப்பங்கள் இருக்கின்றன. யாருடன் இருக்க விரும்புகிறார், நிலத்தை என்ன செய்ய விரும்புகிறார், எந்தக் கோயிலுக்கு ஒருமுறை போய்வர ஆசைப்படுகிறார் என்பதை அவரே சொல்ல முடியும். காலம் கடந்தால் அவருடைய நாளையைப் பற்றி மற்றவர்கள்தாம் முடிவு செய்வார்கள்.

'பெரியவர்களைச் சோதிப்பது மரியாதையா?' என்று இன்னொரு கேள்வியும் எழலாம். சோதிக்கச் சொல்லவில்லை. சோதிப்பது மருத்துவரின் வேலை. 'ஆயா, நான் யாரு, சொல்லு பார்ப்போம்?' என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விடை தெரியாத மாணவனைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திச் சிரிப்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு? 'ஆயா, நான் உன் பேரன் வந்திருக்கேன்' என்று நாமே பெயர் சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவோம்?

அதற்குப் பதிலாக நாளையைப் பற்றிப் பேசுங்கள். 'நாளைக்குச் சந்தைக்குப் போனா என்னா வாங்கணும் ஆயா?' 'தாத்தா, பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போகணும்னா எப்படிப் போகலாம்?' இவை தேர்வுக் கேள்விகள் அல்ல, பேச்சுதான். இதில் தப்பான விடை என்று ஒன்று இல்லை. முன்பெல்லாம் விவரமாகப் பதில் சொன்னவர், இப்போது சில மாதங்களாகத் திகைக்கிறார், பேச்சை மாற்றுகிறார், 'எல்லாம் அவன் பாத்துப்பான்' என்று மகனைக் காட்டுகிறார் என்றால், அதை அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். நோயென்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். மருத்துவரிடம் காட்டச் சொன்னால் போதும். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்களே, அவர்களிடமும் சொல்லலாம். முதியோருக்கான உதவித் தொலைபேசி எண் 14567.

நாளையைக் கடன் கொடுப்போம்

மறதிநோய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நாம் செய்யக்கூடியது என்ன? அவருடைய நாளையில் ஒரு பகுதியை அவருக்காக நாம் சுமக்கலாம். சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி மாட்டி, தினமும் காலையில் அவர் கையாலேயே தாளைக் கிழிக்கச் சொல்லலாம். 'இன்னைக்குப் புதன், சாயந்திரம் அத்தை வர்றாங்க' என்று ஒருமுறைக்கு நான்கு முறை சலிக்காமல் சொல்லலாம். கண்ணாடி, செருப்பு, மாத்திரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்து, அந்த இடத்தை மாற்றாமல் இருக்கலாம்.

சுமப்பது என்றால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வது என்று பொருளல்ல. மல்லாட்டை உரிக்க, பூக் கட்ட, கீரை ஆய அவருக்குத் தெரியும். கைப்பழக்கத்தால் வந்த நினைவு மற்ற நினைவுகளைவிட நெடுநாள் நிற்கும். அந்த வேலைகளை அவரிடமே விடுங்கள். உரிப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனால் ஆகட்டும். உரித்த பருப்பு மதியச் சட்னிக்கு என்று சொல்லிக் கொடுங்கள். அந்தச் சட்னி அவருக்கு ஒரு சிறு நாளை.

உங்கள் நாளை

கடைசியாக உங்களைப் பற்றி. மறதிநோய் எழுபது வயதில் திடீரென்று வந்து குதிப்பதில்லை. 2024ஆம் ஆண்டில் லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை முழுதும் நீக்க முடிந்தால் உலகில் சுமார் 45 சதவிகித மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, மது, உடலுழைப்பின்மை, தலைக்காயம், காது கேளாமை, பார்வைக் குறை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு ஆகியவற்றோடு, இளமையில் போதிய கல்வி இல்லாமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இந்தக் கடைசிக் காரணத்தைச் சற்று நின்று யோசியுங்கள். 2023இல் வெளிவந்த இந்திய ஆய்வில், மறதிநோய் பெண்களிடமும் கிராமத்தவரிடமும் கல்வி குறைந்தவர்களிடமும் மிகுதியாகக் காணப்பட்டது. நம் ஆயாக்களில் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள்? எத்தனை பேர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள்? பத்து வயதில் ஒரு பெண்ணின் புத்தகப் பையைப் பறித்தால், அந்த இழப்பு எழுபது வயதில் அவளுடைய நினைவிலும் வந்து நிற்கக்கூடும். பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தலாமா என்ற பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் சொல்ல வேண்டிய செய்தி இது. இரு சக்கர வண்டியில் தலைக்கவசம் போடச் சொல்லி அண்ணனை நச்சரிப்பதற்கும் இது போதிய காரணம்.

தமிழ்நாட்டு மக்களில் 60 வயது கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவிகிதம் என்றும், 2031இல் 18.2 சதவிகிதமாவார்கள் என்றும் மக்கள்தொகைக் கணிப்பு கூறுகிறது. அப்போது நீங்கள் வேலைக்குப் போகும் வயதில் இருப்பீர்கள். மருத்துவராக, செவிலியராக, பஸ் நடத்துநராக, வங்கி எழுத்தராக, எந்த வேலையில் இருந்தாலும் நாளையை மறந்த ஒரு பெரியவர் உங்கள் எதிரே வந்து நிற்பார். அவரிடம் எப்படிப் பேசுவது என்பதை இப்போதே வீட்டில் கற்றுக்கொள்ளலாம்.

இன்று மாலை பள்ளிவிட்டு வந்ததும் ஆயாவின் பக்கத்தில் சற்று உட்காருங்கள். பழைய கதை ஒன்று கேளுங்கள், அதில் அவருக்கும் மகிழ்ச்சி. பிறகு நாளைக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் காத்திருங்கள். பெரியவர்களுக்கு யோசிக்க நேரம் வேண்டும்.